ஐம்பத்திரண்டு

தம்பியின் கால் டோஹாவில்.
கால்சட்டை இங்கே, அலுமாரியில்.
கவட்டுத் தையலில் ரேப்பை வைத்து
அடிவரை இழுத்தேன்: எண்பத்துநாலு.
பூச்சியம் தசம் அறுபத்தேழால் பெருக்கு அக்கா,
ஐம்பத்தாறு வரும், அதுதான் என்ர ஃபிறேம் என்று
குரல்பதிவில் சொல்லியிருந்தான்.
பின்னால் யாரோ இரும்பு வெட்டும் சத்தம்.

காத்தான்குடியில் ஹாறூன் நானாவின் கொட்டிலுக்கு
ஜப்பான் கொள்கலன் வந்து மூன்று நாள்.
கூடை வைத்தவை, குழந்தைச் சீற் வைத்தவை,
எந்தப் பள்ளிக்கூடத்தினதோ இலக்கம் ஒட்டியவை,
ஒன்றின் கழுத்தில் ஒன்று கைபோட்டுக் கிடந்தன.
அதற்குள் இந்த மூன்றும்.
கியர் இல்லை. பிறேக்கை யாரோ கழற்றியிருந்தார்கள்.
"ஓட்டத்தில மிதியாம இருக்க ஏலாது புள்ள,
சில்லு சுத்தினா பெடலும் சுத்தும்.
நிக்கோணும் எண்டா காலாலதான் மறிக்கோணும்.
ஆருக்கு?"
"தம்பிக்கு."
"ஆள் எங்க?"
நான் கால்சட்டையைக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. வாங்கி
ஐம்பத்தாறின் பாரில் போட்டுப் பார்த்தார்,
காயப்போட்டது போல.
பாருக்கும் கவட்டுக்கும் நடுவில் ரெண்டு விரல் வேணும்.
சின்னதெண்டா கிறுகும்போது
முன்சில்லு பெருவிரலைத் தட்டும்.
பெரிசெண்டா கைப்பிடிக்கு எட்டி எட்டி
நாரி போயிரும்.
"சீற்றை ஏத்தலாம், இறக்கலாம்.
பாரை ஒண்டும் செய்யேலா. அது பிறவி."
மறுகா என்னைப் பார்த்தார்,
செருப்பிலிருந்து இடுப்புவரை,
தையற்காரர் பார்ப்பது போல.
"சும்மா ஒருக்கா அந்த நடுவிலானில நில்லுங்க."

போன கிழமை ஒரு பகுதி வந்துபோனது.
பத்தில் எட்டுப் பொருத்தம்,
ஆனால் பொம்பிளை மாப்பிளையை விட ரெண்டங்குலம் கூட
என்று தரகர் திரும்பிவந்து சொன்னார்.
அந்த ரெண்டங்குலம் எங்கே கிடந்தது என்று
இன்றைக்குத்தான் தெரிந்தது:
தொடையில்.
வேலைக்கு உடுக்கும் காற்சட்டையோடு வந்திருந்தேன்.
காலைத் தூக்கிப் போட்டேன்.
பாரும் நானும். நடுவில் ரெண்டு விரல்.
நீலம். கைப்பிடி நாடா ஒரு பக்கம் கழன்றிருந்தது.
முன்சில்லைக் கிறுக்கிப் பார்த்தேன்,
விரலில் படவில்லை.
இன்னொரு தரம் கிறுக்கினேன்,
படாது என்று தெரிந்துகொண்டே.

"ஐம்பத்தாறை எடுத்து வைக்கவா?"

இந்த ஊரில் ஏற்றம் என்று ஒன்றில்லை.
கடலுக்கும் வாவிக்கும் நடுவில்
தோசைக்கல்லாட்டம் தரை.
கியர் எதற்கு என்று அவன் கேட்டது சரிதான்.
ஆனால் கச்சான் காற்று இருக்கிறது.
நாவற்குடா தாண்டியதும் அது
நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியது.
களைத்து, உருளும் என்று நம்பி
மிதிப்பதை விட்டேன்.
பெடல் என் காலைத் தூக்கிக்கொண்டு போனது,
பள்ளிக்கு வரமாட்டேன் என்ற பிள்ளையை
இழுத்துப்போவது போல.
ஓட்டோக்காரர் ஒருவர் ஹோர்னை அமத்தி
ஏதோ சொன்னார், காற்று வாங்கிக்கொண்டது.

கல்லடிப் பழைய பாலத்தில் இரும்பு தடதடத்தது.
பைக்குள் போன் அடித்தது.
டோஹாவில் சாப்பாட்டு நேரம்.
ஐம்பத்தாறு கிடைச்சதா என்று கேட்பான்.
இருக்கேல்ல என்று சொல்லலாம்.
இருந்தது, பார் நெளிஞ்சு போயிருந்தது என்று சொல்லலாம்.
அவன் அனுப்பிய காசு. நாற்பத்தைந்தாயிரம்.
அவன் கால்சட்டையும் அதே பைக்குள்தான்,
போனைச் சுற்றிக்கொண்டு.
நிற்பாட்டி எடுப்போம் என்றால்
காலால் மறிக்க இன்னும் பழகவில்லை.
தூண்டில் போட்டிருந்த இருவர்
வாளியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள்.
அது அடித்துக்கொண்டிருந்தது,
நான் மிதித்துக்கொண்டிருந்தேன்.
ஓய்ந்தது.
பிறகு இன்னொரு முறை அடித்தது.